அடி காண் படலம்: கல்முனைக் கரையோர அலுமாரிக் கண்ணாடிகளைச் செய்தவர் யார்?

1. ஆய்வின் தேவை

கிழக்கிலங்கையில் மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, பழைய முஸ்லிம் வீடுகளின் முன் ஹோலில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரி நிற்கும். அதனுள் கிளாஸ், பீங்கான், ஜக்கு முதலியன குடியிருக்கும். அவை பாவிப்பதற்கானவை அல்ல. பாவிக்கிறவை குசினியில் இருக்கின்றன. அலுமாரிக் கிளாஸ் வெளியே வருவது பெருநாளைக்கும், கலியாணம் பேச ஆட்கள் வரும்போதும்தான்.

இவற்றைச் செய்தவர் யார் என்று ஆராய ஒலுவில் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு பீடம் இல்லை. பல்கலைக்கழகமோ 1996 முதல் இருக்கிறது. அக்கரைப்பற்றில் நெடுநாள் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இப்பகுதியின் தாய்வழிக் குடிகளைப் பற்றித் தடித்த நூலொன்றே எழுதினார். அக்குடியினர் குடித்த கிளாஸை மட்டும் எமக்கென விட்டுவைத்தார். அவருக்கு எம் நன்றி.

2. முறையியல்

செய்தவரின் முத்திரை பெரும்பாலும் பாத்திரத்தின் அடியில் இருக்கும். ஆகவே அடி காண விரும்புவோர் முதலில் பிளேன்டியைக் குடித்து முடிக்க வேண்டும். முடித்த கணமே "இன்னொண்டு ஊத்தவா மகன்?" என்ற கேள்வி எழும். ஓம் என்றால் அடி மறுபடி மறையும். வேணாம் என்றால் கிளாஸ் உள்ளே போய்விடும். கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட சில விநாடிகளே இத்துறையின் ஆய்வுக்காலம். அதற்குள் கிளாஸைக் கவிழ்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்தை வாசித்து, வீட்டுக்காரர் பார்க்குமுன் நிமிர்த்திவிட வேண்டும்.

3. எண் கொள்கையும் அதன் வீழ்ச்சியும்

பக்கங்களில் பட்டை வெட்டிய, இடை சிறுத்த, கையில் கனக்கும் தேத்தண்ணிக் கிளாஸ் கிடைத்தால் அடியில் 'டுராலெக்ஸ்' என்று வட்டமாகப் பொறித்திருக்கும். கூடவே ஓர் எண்ணும் இருக்கும். இவ்வெண் பற்றி அறிஞரிடையே இரு கொள்கைகள் உள. பிரான்சு நாட்டுப் பள்ளிச் சிறுவர் அதைத் தம் வயது என்பர். எவருக்குப் பெரிய எண் வாய்க்கிறதோ அவரே மூத்தவர். எம் பகுதி அறிஞரோ அது செய்த ஆண்டு என்பர். இவர்கள் ஆண்டுக் கொள்கையினர்.

இரண்டும் பிழை. அது வார்ப்பச்சின் எண். எந்த அச்சில் பழுது வந்தது என்று ஆலைக்காரர் கண்டுபிடிக்கப் போட்ட அடையாளம். ஆண்டுக் கொள்கையின்படி 12 என்ற எண்ணுடைய கிளாஸ் 1912இல் பிறந்திருக்க வேண்டும். டுராலெக்ஸ் தொடங்கியதோ 1945இல். கம்பனிக்கு 33 ஆண்டுகள் மூத்த கிளாஸ் உலகில் இருக்க வழியில்லை. இவ்வாதத்தை எடுத்துரைத்தபோது ஆண்டுக் கொள்கையினர் மறுக்கவில்லை. அடுத்த வீட்டு அலுமாரியைப் பார்க்கச் சொன்னார்கள்.

4. நங்கூரச் சிக்கல்

சில பாத்திரங்களின் அடியில் நங்கூரமும் அதன் மேல் 'எச்' என்ற ஆங்கில எழுத்தும் காணப்படும். இவை பால்மாவோடு இலவசமாகக் கிடைத்தவை என்பது எம் ஊரார் துணிபு. இத்துணிபுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆங்கர் பால்மாப் பெட்டியிலும் நங்கூரம் உண்டு; இலங்கையில் அப்பெட்டி புகாத வீடு அரிது. ஆயினும் பால்மாவின் நங்கூரம் 1886இல் நியூசிலாந்தில் வெண்ணெய்க்குப் போட்டது. கண்ணாடியின் நங்கூரம் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆங்கர் ஹாக்கிங் கம்பனியுடையது. 1937இல் இரு கம்பனிகள் சேர்ந்ததால் வந்த பெயர் அது. இரண்டும் வெவ்வேறு கடலில் போட்ட நங்கூரங்கள். அமெரிக்கத் தயாரிப்பு என்று சொன்னதும் அதுவரை குசினியில் கிடந்த கிண்ணம் அலுமாரிக்குப் பதவி உயர்வு பெறும். இது ஆய்வின் சமூகப் பயன்.

5. தோளெழுத்தும் அடியெழுத்தும்

போத்தல்களில் மயக்கம் இன்னும் பெரிது. ஹோர்லிக்ஸ் போத்தலை ஹோர்லிக்ஸ்காரர் செய்தார் என்றே பலரும் நம்புகின்றனர். ஹோர்லிக்ஸ் சகோதரர்கள் 1873இல் சிக்காகோவில் தொடங்கியது மால்ட் வியாபாரம். கண்ணாடி ஊதுவது அவர்கள் தொழிலன்று. தோளில் இருப்பது உள்ளே இருந்த சரக்கின் பெயர். அடியில் சிறிதாக இருக்கும் குறியே போத்தல் செய்தவருடையது. மூடியில் 'சீனி' என்று எழுதி ஒட்டியிருப்பது மூன்றாவது சான்று. நடைமுறையில் அது ஒன்றே நம்பத்தக்கது. அதிலும் சில வேளை உப்பு இருக்கும்.

போத்தலின் பக்கவாட்டு ஒட்டுக்கோட்டை நகத்தால் தடவிப் பார்க்கவும். கோடு வாய் விளிம்பு வரை ஏறினால் அது இயந்திரத்தில் செய்தது. கழுத்தோடு நின்றால், கையால் வாய் வைத்த பழையது என்று ஐயுறலாம். மைக்கல் ஓவன்ஸின் தானியங்கிப் போத்தல் இயந்திரம் 1903இல் வந்தது. கழுத்துக்குள் கோலிக்குண்டு உருளும் சோடாப் போத்தலாயின் அதன் மூதாதை ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயர். 1872இல் உரிமம் பெற்றவர்.

6. சோதனைகள்

ஒளிச் சோதனை: பால்நிறப் பீங்கானை ஜன்னலோரம் பிடித்து, பின்னால் விரலை வைக்கவும். விரலின் நிழல் மெல்லத் தெரிந்தால் மட்டும் கண்ணாடி என்று முடிவு கட்டலாகாது. நல்ல அசல் பீங்கானிலும் அது தெரியும். அடியில் 'ஆர்கோபால்' என்றிருந்தால் ஐயமே இல்லை. அது பீங்கானே அன்று. பிரான்சில் 1958 முதல் வார்த்த வெண்கண்ணாடி.

விளக்குச் சோதனை: கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கின் கீழ் பச்சை மஞ்சள் கிண்ணம் பளீரெனப் பச்சையாக ஒளிர்ந்தால் அது யுரேனியம் கலந்த கண்ணாடி. கடைக்காரரிடம் விளக்கை இரவல் கேட்கும்போது, கிண்ணத்தைக் காட்டிய பிறகே காரணம் சொல்லவும்.

அழிவுச் சோதனை: டுராலெக்ஸ் போன்ற பதமேற்றிய கண்ணாடி நொறுங்கினால் நீளச் சில்லாகாமல் சிறு துண்டுகளாகச் சிதறும். பெருநாளன்று பிள்ளைகள் இச்சோதனையை இலவசமாகவே செய்து தருகின்றனர்.

7. வாய்மொழிச் சான்று

இனி மூலக் கேள்வி. செய்தவர் யார் என்று வீட்டாரிடம் கேட்டால் அவர்கள் ஆலையின் பெயரைச் சொல்வதேயில்லை. "அதத் தொடாதீங்க மகன். அது எங்கட மாமா குவைத்தால கொண்டந்த சாமான்" என்பார் உம்மம்மா. மாமா எந்த ஆண்டு போனார், எத்தனை பெட்டி கொண்டு வந்தார், விமான நிலையத்தில் எது உடைந்தது என்பதெல்லாம் தொடர்ந்து வரும். 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகள் ஆட்களைக் கூப்பிட்டன. போனவர்கள் திரும்பும்போது கண்ணாடியையும் சுமந்து வந்தார்கள். ஒரு சோடிக் கிளாஸுக்கு ஒரு மனிதனின் இரண்டு வருடப் பிரிவு அடக்கவிலை.

எம் பகுதியில் வீடு மகளுக்குப் போகும்; வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு கதையும் போகும். ஆகவே ஒரு கிளாஸின் வரலாறு உம்மாவிலிருந்து மகளுக்குத்தான் இறங்குகிறது. வாப்பாமாரிடம் கேட்பது வீண். அவர்களுக்கு விலை மட்டும் தெரியும், அதையும் கூட்டிச் சொல்வார்கள்.

8. காலப்பிரிப்பு

இக்கரையில் கண்ணாடியின் காலம் இரண்டு: 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன், பின். சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் கடலோரத் தெருக்களில் அன்று அலுமாரி மட்டுமா போனது? அதன் கதை தெரிந்தவர்களும் போனார்கள். முந்திய காலத்துக் கிளாஸ் இன்று முழுதாக இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் கடலுக்குத் தள்ளியிருந்த வீட்டில் இருந்தது. இதற்கு வேறு சோதனை தேவையில்லை.

9. முடிபு

அடியில் பெயர் இருந்தால் அது வார்த்தவருடையது. அதைப் பிரான்சிலும் ஒகையோவிலும் பிறர் எழுதி வைத்திருக்கிறார்கள், தொலையாது. கொண்டு வந்தவரின் பெயர் எந்த அடியிலும் இல்லை. அதை ஒரு துண்டுக் கடதாசியில், ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதி, அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். உம்மம்மா இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.