எலுமிச்சம்பழ மாலுமி

காரவள்ளியில் பேருந்து ஏறும்போதே கட்டுரைக்காரர் கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவு வரை பழத்தை முகர்வார். நாற்பதில் நகத்தால் கீறுவார். ஐம்பதைத் தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருப்பவரிடம் இடம் கேட்பார். அந்த நேரத்து முகத்தைப் பார்த்தபின் யாரும் மறுத்ததில்லை. கொல்லிமலையிலேயே பிறந்து, மிளகுக்கொடி வளர்த்து, நாற்பத்தெட்டு வயது வரை இதே பாதையில் போய்வருகிற மனிதருக்கு இன்னும் குமட்டல் நின்றபாடில்லை. இவர்தான் தெற்குப் பெருங்கடலில் படகை எங்கே திருப்புவது, எப்போது பாயைச் சுருக்குவது என்று உலகின் தேர்ந்த மாலுமிகளுக்கு எட்டு மாதம் ஓயாமல் யோசனை சொன்னவர். அவர்கள் காதில் விழவில்லை, அது அவர்கள் அதிர்ஷ்டம்.

பழைய காலத்துக் கப்பல்காரர்களும் எலுமிச்சம்பழம் கொண்டுபோனார்கள், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு மருந்தாக. ஆகவே தனக்கும் கடலுக்கும் பூர்வ பந்தம் உண்டு என்பது அவர் கட்சி.

பைத்தியம் பிடித்தது 2018 செப்டம்பரில். கோல்டன் குளோப் என்ற தனியாள் உலகச் சுற்றுப் படகுப் பந்தயத்தில் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்த, கேரளத்தைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 21ஆம் தேதி புயலில் சிக்கினார். படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஏற்கெனவே 2012 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பி, 2013 மார்ச் கடைசியில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றித் திரும்பிய முதல் இந்தியர் அவர். செய்தியில் இடம் சொன்னார்கள்: தென் அட்சரேகை 39 பாகைக்குக் கொஞ்சம் கீழே, கிழக்குத் தீர்க்கரேகை 78.

கட்டுரைக்காரர் மகளின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, அடிக்கோலை வைத்தார். கொல்லிமலையும் 78 சொச்சம். கோடு நேர் தெற்கே இறங்கியது. மேலூர்ப் பக்கம் நழுவி, வேம்பார் அருகே மன்னார் வளைகுடாவில் குதித்தபின் குறுக்கே ஒரு நிலம் கிடையாது. 5,400 கிலோமீட்டர் வெறும் தண்ணீர், அதன் முடிவில் அந்த மனிதர்.

“நம்ம வாசலுக்கு நேரா படுத்துக் கிடக்கறாரு” என்றார் குரல் தழுதழுக்க.

“அதுக்கு என்னங்க பண்றது? சோறு கட்டித் தரட்டுமா?” என்றார் மனைவி.

சோறு கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. அப்போது அரக்கோணத்தைத் தளமாகக் கொண்டிருந்த கடற்படையின் பி-8ஐ ரக விமானங்களில் ஒன்று மொரிஷியஸிலிருந்து பறந்துபோய்ப் படகைக் கண்டது. 24ஆம் தேதி ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரைத் தூக்கிக்கொண்டது. முதுகில் டைட்டானியக் கம்பி வைத்தார்கள். அவர் மறுபடி நடக்கப் பழகினார். நடக்கத் தெரிந்ததும் செய்த காரியம், அதே பந்தயத்துக்குத் திரும்பப் பெயர் கொடுத்தது. 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்தில் பதினாறு படகுகள் கிளம்பின. கொல்லிமலையிலும் ஒருவர் கிளம்பினார். வீட்டுக்குப் பின்னால் டவர் கிடைக்கும் பாறை வரை.

இந்தப் பந்தயத்தின் விதிகளை டீக்கடையில் புரியவைக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. படகு 32 அடியிலிருந்து 36 அடி வரை, அதாவது ஏறக்குறைய நம் பேருந்து நீளம். 1988க்கு முன் வரையப்பட்ட வடிவமாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் கூடாது. காகித வரைபடம், சூரியனையும் நட்சத்திரத்தையும் அளக்கும் செக்ஸ்டன்ட், ரேடியோ, பாட்டுக்கு கேசட். அவசரத்துக்கு ஒரு ஜிபிஎஸ், பெட்டியில் வைத்து முத்திரையிட்டிருக்கும்.

எல்லாரையும் மயக்கிய விஷயம் இதுதான்: ஒவ்வொரு படகிலும் ஓர் இடங்காட்டி உண்டு. அது காட்டுவதை உலகமே பார்க்கலாம், படகில் இருப்பவர் மட்டும் பார்க்க முடியாது. ஆக, நடுக்கடலில் நிற்கும் அபிலாஷ், தான் எங்கே இருக்கிறோம் என்று சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். பலாமரத்தடியில் பல்குச்சியோடு நிற்பவருக்கு விடை தெரியும். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் நிபுணரைவிடத் தனக்கு அதிகம் தெரிந்திருந்ததில் கட்டுரைக்காரர் நடையே மாறிப்போனது.

“கேரளாக்காரர் இப்ப எங்கீங்க இருக்காரு?” என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

“ரெண்டு பாகை தெற்கே இறங்கணும். சொன்னா கேக்க மாட்டேங்கறாரு.”

மழைநாளில் டவர் போய்விடும். அன்று 1968 கதை ஓடும். முதல் கோல்டன் குளோபில் ஒன்பது பேர் கிளம்பி, ஒரே ஒருவர் முடித்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாள். அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் கட்டிய தேக்குப் படகு என்றதும் கடையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அபிலாஷின் 2018 படகான ‘துரியா’ அந்த சுஹைலியின் நகல், கோவாவில் கட்டியது.

டொனால்ட் குரோஹர்ஸ்ட் கதைக்குக் கடை அமைதியாகிவிடும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக ரேடியோவில் பொய்யாக இடம் சொல்லிக்கொண்டிருந்த அவருடைய படகு 1969 ஜூலையில் ஆளில்லாமல் கிடைத்தது. “அப்ப டவர் இருந்திருந்தா முதல் வாரமே மாட்டியிருப்பாரு, உசுரும் பொழச்சிருக்கும்” என்றார் மிளகு வாங்க வந்த வியாபாரி. இதைவிடச் சரியாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஜெயித்த நாக்ஸ்-ஜான்ஸ்டன் தன் ஐயாயிரம் பவுண்டு பரிசை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கொல்லிமலைக்காரர்களின் ஓட்டு முழுவதும் பெர்னார் மொய்டெசியேவுக்கு. பந்தயத்தில் நல்ல நிலையில் இருந்தவர், பரிசு வேண்டாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பாமல் தாஹிதித் தீவுக்கே போய்விட்டார். அந்த முடிவை ஒரு சீட்டில் எழுதி, எதிர்ப்பட்ட கப்பலின் மேல்தளத்துக்கு உண்டிவில்லால் அடித்தார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பில் ஐந்தைத் துளைத்த வல்வில் ஓரிக்கு செம்மேட்டில் சிலை வைத்து, ஆண்டுதோறும் ஆடியில் விழா எடுக்கிற மலை இது. உண்டிவில்லால் தபால் போட்டவரை விட்டுக்கொடுக்குமா? அவர் ஆன்மாவைத் தேடிப் போன பயணம் அது என்று கட்டுரைக்காரர் வீட்டில் உருகியபோது, மனைவி முறத்திலிருந்து தலை நிமிராமல் ஒன்றே ஒன்று கேட்டார்: “அவர் பொண்டாட்டி எங்க இருந்தாங்க?” பிரான்சில் காத்திருந்தார். அதன்பின் அந்த வீட்டில் மொய்டெசியே பெயர் எடுக்கப்படுவதில்லை.

பந்தயமோ ஒவ்வொருவராக உதிர்த்துக்கொண்டிருந்தது. 2022 நவம்பர் 18 அன்று பின்லாந்தின் தாபியோ லெஹ்டினெனின் படகு தெற்கு இந்தியப் பெருங்கடலில் நிமிடங்களில் மூழ்கியது. முந்தைய பந்தயத்தில் படகின் அடியில் கொட்டலசு மொய்த்து வேகம் செத்து, 322 நாள் உருண்டு வந்து சேர்ந்தவர் அவர். 1968 சுஹைலியைவிடப் பத்து நாள் அதிகம். பாவம், விடாப்பிடிக்காரர். இந்த முறை ரப்பர் மிதவையில் உட்கார்ந்திருந்தார். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் தன் ‘மின்னிஹாஹா’வைத் திருப்பி ஓட்டி, அவரை ஏற்றி, ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பலில் அனுப்பிவைத்தார். “காயத்ரியா? நம்ம பக்கத்துக் கப்பலோ?” என்று டீக்கடை ஒருநாள் முழுக்க ஆராய்ந்தது. உதவியதற்காக கிர்ஸ்டனுக்கு 35 மணி நேரம் கழிவு கொடுத்தார்கள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ்காரர் சைமன் கர்வெனுக்கு, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் நெருங்கும் வேளையில், காற்றைப் பார்த்துத் தானாகவே சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்தது. சிலியில் நின்று சரிசெய்தார். ஒருமுறை நின்றால் பிரதானப் போட்டி போயிற்று.

அதே தொல்லை அபிலாஷுக்கும் வந்தது. அவர் நிற்கவில்லை. கருவிக்குப் புதுத் துடுப்புப் பலகை தேவை, மரக்கடை பக்கத்தில் இல்லை. படகின் கழிப்பறைக் கதவைக் கழற்றி அறுத்துச் செய்துகொண்டார். தனியாகப் போகிறவருக்குக் கதவு எதற்கு?

இந்தச் செய்தியைக் கட்டுரைக்காரர் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அவர் வீட்டுக் கொல்லைக் கழிப்பறைக் கதவின் கீல் ஐப்பசி மழையில் பெயர்ந்து, கதவு பலாமரத்தில் சாய்ந்தே கிடந்தது. வாசலில் சாக்குத் திரை. “அவர் கதவைக் கழட்டி உலகத்தையே சுத்தறாரு. உங்களுக்கு நாலு ஆணி அடிக்க இத்தனை மாசம் பத்தல” என்றார் மனைவி. பந்தயம் முடியட்டும் என்று வாய்தா வாங்கப்பட்டது.

பிப்ரவரியில் கிர்ஸ்டனும் அபிலாஷும் சில நாள் இடைவெளியில் கேப் ஹார்னைச் சுற்றினார்கள். அட்லாண்டிக்கில் மேலே ஏற ஏற, கீழே மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஆள்வைத்து அள்ளவேண்டிய நேரத்தில் முதலாளி பாறைமேல் இருந்தார். ஒருமுறை சாரல் விழுந்து மிளகு நனைந்தது. தென்னட்லாண்டிக் வானிலை அவருக்கு அத்துப்படி, தலைக்கு மேலிருந்த மேகத்தைத்தான் பார்க்கவில்லை.

2023 ஏப்ரல் 27. முதலில் கரை தொட்டது கர்வென்; ஆனால் வெற்றி அவருக்கில்லை. அன்றிரவு, இந்தியாவில் நள்ளிரவு தாண்டியபின், காற்றில்லாமல் கடைசி மைல்களில் தத்தளித்த கிர்ஸ்டன் எல்லைக்கோட்டைக் கடந்தார், 235 நாள் கணக்கில். தனியாள் உலகச் சுற்றுப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் பெண். தான்தான் முதல் என்பது கோட்டுக்கு வந்தபின் பிறர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. கொல்லிமலையில் குளிரில் போர்வையோடு பாறைமேல் இருந்த ஆளுக்கு வாரக்கணக்காகத் தெரியும். கூவிச் சொல்லத்தான் வழியில்லை.

29ஆம் தேதி அபிலாஷ் இரண்டாவதாக வந்தார். 236 நாள். மூன்றாவது ஆஸ்திரியாவின் மிகாயேல் குக்கன்பெர்கர். கிளம்பிய பதினாறில் பிரதானப் போட்டியை முடித்தவர்கள் இந்த மூவர்தான். டீக்கடையில் எல்லாருக்கும் கட்டுரைக்காரர் செலவில் டீ, வடை. முதல் பழுத்த பலாவும் அறுக்கப்பட்டது. இரண்டாம் இடத்துக்கே இவ்வளவா என்று கேட்ட ஒரு பையனை அடிக்கோலும் அட்லஸும் கொண்டு உட்காரவைத்து, 78 பாகைக் கோட்டை முழுக்க விளக்கினார்கள்.

மறுநாள் மனைவி சுத்தியலும் ஆணியும் எடுத்து வைத்தார். கதவைத் தூக்கிப் பார்த்தால், மரத்தடி ஈரத்தில் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றிருந்தது. புதுக் கதவு வாங்க நாமக்கல் போக வேண்டும். எழுபது வளைவு இறங்கி, எழுபது வளைவு ஏற வேண்டும்.

கட்டுரைக்காரர் எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டிருந்தார்.