பிழை அட்டையிலா, கொக்கியிலா?

கேள்வி: எங்கள் இணையச் சேவை நிலையத்துச் சுவிட்சில் ஒரு கார்டு அடிக்கடி செயலற்றுப் போகிறது. பழுது கார்டிலா, பெட்டியிலா என்று அறிவது எப்படி? (ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

பதில்: உங்கள் தெரு நெசவாளரையே கேட்டிருக்கலாமே! ஜக்கார்டு தறியில் துளையட்டை ஒன்று பழுதானால் அவ்வட்டை சுற்றி வரும்போதெல்லாம் அப்பிழை புடவையில் விட்டுவிட்டுத் தோன்றுமென்றும், கொக்கி பழுதானால் பாவிழையின் வழியே நெடுகத் தொடருமென்றும் அறிந்து, பிழையின் போக்கைக் கொண்டே அதன் ஸ்தானத்தை நிர்ணயிப்பவர் அவர். அந்த சூக்ஷ்மம் இங்கும் பொருந்தும். சந்தேகத்துக்குரிய கார்டைக் கழற்றி, செவ்வனே இயங்கும் வேறொரு ஸ்லாட்டில் செருகுங்கள். தொல்லை கூடவே வந்தால் கார்டில்தான் பழுது. பழைய ஸ்லாட்டில் செருகிய நல்ல கார்டும் தள்ளாடினால் பழுது பெட்டியின் பின்பலகையில். ஆனால் அதற்கு முன்பே டார்ச் விளக்கடித்து ஸ்லாட்டின் ஊசிகளைப் பாருங்கள்; வளைந்த ஊசி நல்ல கார்டையும் நாசமாக்கிவிடும். கார்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் தென்பட்டால் வேறு சாக்ஷியம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஊர்ப் பெருமைக்கு ஒரு விலக்குண்டு: பட்டு உராய்ந்தால் நிலைமின்சாரம் பிறக்கும், நம் விரலுக்கு உறைக்காத அளவே சில்லுக்கு யமன். ஆகவே கார்டைத் தொடுமுன் மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். பட்டு வேஷ்டியை வரதராஜர் சந்நிதிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.