கடல் தாண்டும் பெடல்

ரெட்டிபாளையத்து நண்பர் குழு ஒன்று நோயாளிகளுக்காக நன்கொடை திரட்டிக்கொண்டு, இலங்கையில் வடகோடிப் பருத்தித்துறையிலிருந்து தென்கோடித் தேவேந்திரமுனை வரை சைக்கிள் மிதிக்கப் போகிறதாம். ஒரே உறையில் கட்டாகக் கேள்விகள் வந்தன. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் விடவில்லை.

இவர்கள் பெடல் மிதித்தால் நோயாளிக்கு என்ன லாபம்? அந்தப் பணத்தை நேராகக் கொடுத்துவிடலாமே? – வி.கைகாட்டி வாசகர்

தாராளமாக. நீங்கள் கொடுத்துவிட்டீர்களா? சும்மா கேட்டால் "பார்க்கலாம்" என்பவர்கள், வேர்த்து விறுவிறுத்துக் கேட்டால் பையில் கை விடுகிறார்கள். 2011இல் 'டிரெயில்' என்ற பெயரில் இலங்கையில் நன்கொடை திரட்டச் சிலர் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கி.மீ. தூரத்தை 27 நாளில் நடந்தார்கள். அந்த நன்கொடையில்தான் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 2016இல் வடக்கிலிருந்து தெற்கே திரும்ப நடந்தார்கள், காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. தெற்கு நடந்து வடக்குக்கும், வடக்கு நடந்து தெற்குக்கும்! இதை வெறும் செக் செய்துவிடாது.

வசூலில் எங்கள் டிக்கெட் செலவையும் கழித்துக்கொள்ளலாமா? – ரெட்டிபாளையம் குழு

கழிக்கலாம், நோட்டீஸில் 'எங்கள் சுற்றுலா நிதி' என்று அச்சடித்துவிட்டால். அமெரிக்காவில் பான்-மாஸ் சாலஞ்ச் என்ற சைக்கிள் பயணம் 1980இல் 36 பேரோடு தொடங்கியது. இப்போது ஓட்டுபவர்கள் திரட்டும் தொகை ஒரு காசு குறையாமல் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறது. நடத்துகிற செலவைப் பதிவுக் கட்டணமும் விளம்பரதாரர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அதுவே சரி: டிக்கெட், விசா, சோறு எல்லாம் அவரவர் பாக்கெட். வசூலுக்குத் தனி வங்கிக் கணக்கு. ஊர் திரும்பியதும் வரவு செலவை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். கேட்காமலே ஒட்ட வேண்டும், அதுதான் முக்கியம்.

நாங்கள் கொடுக்கும் ரசீதுக்கு வரிச்சலுகை உண்டா? சிங்கப்பூர் மாமாவும் தருவதாகச் சொல்கிறார். – அதே குழு

நண்பர் குழு அச்சடித்த ரசீது ஞாபகார்த்தத்துக்கு நன்றாக இருக்கும், வருமான வரி அலுவலகத்தில் செல்லாது. 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளை தர வேண்டும். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறைக்குப் போனவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. மாமாவிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை; எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத கணக்கில் விழக்கூடாது. பாசம் வேறு, பாஸ்போர்ட் வேறு.

எங்கள் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிதான் ஓடுகிறது. பயிற்சி எங்கே எடுப்பது? – ரெட்டிபாளையம்

லாரி ஓட்டுநர் டீ குடிக்க எழுவதற்கு முன்பே எழுந்துவிடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு, மேலே பளிச்சென்ற சட்டை. டிப்பரை ஒட்டிப் போகும் வீரம் வேண்டாம். சமதளம் பழகினால் போதாது என்று தோன்றினால் பெரம்பலூர்ப் பக்கம் பச்சைமலை இருக்கிறது. ஆனால் முதலில் களைப்பது கால் அல்ல, உட்காரும் இடம். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். உராயும் இடத்தில் வாசலின். இதைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுவார்கள், மூன்றாம் நாள் எல்லோரும் நொண்டுவார்கள். இன்னொன்று: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மிதித்தால் முட்டி பேசும்.

பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளிலேயே போகலாமா? – செந்துறை மாணவர்

உங்கள் தொடை சம்மதித்தால் போகலாம். கியர் இல்லாததால் எதிர்க்காற்றில் விளையாட்டு தெரியும். மே முதல் செப்டம்பர் வரை யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று. தெற்கே போகிறவர் நெஞ்சில்தான் அறையும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கே மழை. ஆகவே மாசி, பங்குனியைப் பாருங்கள்.

விமானமா, கப்பலா? – திருமானூர் வாசகர்

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, தொடங்கிய சூட்டிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. பருவமழையில் ஓய்வெடுக்கும். சைக்கிளை எப்படி ஏற்றுவார்கள் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இறங்குகிற காங்கேசன்துறையும் சுண்ணாம்புக்கல் பூமி. போரில் முடங்கிய சிமென்ட் ஆலை ஒன்று அங்கே உண்டு. ரெட்டிபாளையத்துக்காரருக்கு வீட்டு ஞாபகம் வரும். தெல்லிப்பழை மருத்துவமனையும் பக்கத்தில்தான், எட்டிப் பார்த்துவிட்டுப் பெடலில் கால் வையுங்கள்.

விமானம் என்றால் சைக்கிளை அட்டைப்பெட்டியில் அடைக்க வேண்டும். அங்கேதான் பெடலைக் கழற்றும் சண்டை. வலது பெடல் எல்லா நட்டையும் போல இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மறை தலைகீழ். வலப்பக்கம், கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் இன்னும் இறுகி, கடைசியில் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பிளக்கும். டயர் காற்றைக் குறைத்துவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

கணவர் போகிறார். நானும் வரேன் என்றால் சிரிக்கிறார். – உடையார்பாளையம் வாசகி

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். வயல் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், ஆசிரியைகள் எல்லாரும் மிதித்தார்கள். அப்போதும் சிரித்தவர்கள் இருந்தார்கள். விடியற்காலையில் நீங்கள் முதலில் எழுந்து பயிற்சிக்குக் கிளம்புங்கள். காபி யார் போடுவது என்ற கவலையில் அவரே கூட வருவார்.

எங்கள் குழுவில் ஒருவர் எப்போதும் முன்னால் பறந்துவிடுகிறார். பின்னால் வருகிறவர்கள் தவிக்கிறோம். – ரெட்டிபாளையம்

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால் காற்றின் சுமை குறையும்; அதனால் முன்னால் போவதை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கேட்கமாட்டேன் என்றால், மதியச் சாப்பாட்டுக் காசைக் கடைசியில் வருகிறவரிடம் கொடுங்கள். பறந்தவர் ஹோட்டல் வாசலில் நிற்பார்.