அரைமணிப் பறப்பு

கேள்வி: மதுரை, திருச்சி விமான நிலையங்களுக்கிடையே வான்வழியே எவ்வளவு தூரம்? பறந்தால் எவ்வளவு நேரம்?
(வாசகர், காரைக்குடி)

பதில்: நேர்கோட்டில் சுமார் 123 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமென்றால் பத்து நிமிஷங்கூட ஆகாது. ஆயினும், ஓடுபாதையில் ஊர்ந்து, எழும்பி, திசை திரும்பி, பிறகு அதே சாவதானத்துடன் இறங்கியாக வேண்டிய வாகனமாதலால், இவ்வளவு சமீபத்து ஊர்களுக்கிடையே விமானம் தன் முழு உயரத்தை எட்டுமுன்பே இறங்க ஆயத்தமாகிவிடும். ஆகவே அரைமணி என்று கொள்வதே நியாயம். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி முன்னதாகப் போய்ப் பெட்டியைச் சோதனைக்குக் கொடுக்கும் பிரயாணி திருச்சியில் இறங்குவதற்குள், சாலைவழியே காரில் கிளம்பியவர் விராலிமலை மயில்களைத் தரிசித்திருப்பார்!

தங்களுக்கோ இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய சம தூரம். சிங்கப்பூர்ப் பிரயாணமாயின் திருச்சியே உத்தமம். நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால், திருமயம் கோட்டையைக் கண்டவாறே சென்று, நகர நெரிசலில் நுழையாமல் விமானமேறலாம். கொண்டுவிற்கக் கப்பலேறிய நம் முன்னோர் நாட்கணக்கில் கடந்த கடலை, இன்று சுமார் நாலு மணி நேரத்தில் கடக்கிறோம். காரைக்குடியிலிருந்து மட்டும் விடியுமுன் கிளம்பிவிடுங்கள்.