பொருள்: தாத்தாவின் துப்பாக்கி – தொடர்பாக

பெறுநர்
ஆயுத உரிம மேஜையில் தற்சமயம் அமர்ந்திருப்பவர் அவர்கள்
(நான் அலையத் தொடங்கியதிலிருந்து மூன்றாமவர்),
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

ஐயா / அம்மா,

பொருள்: காலஞ்சென்ற என் தாத்தாவின் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி – வாரிசு உரிமம் கோருதல் – ஆறாவது நினைவூட்டு – தொடர்பாக.

பார்வை: தங்கள் குறிப்பாணை. அதையேதான் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குறிப்பாணையில் இரண்டு கேள்விகள். முதலாவது, '12 போர் குறித்த விவரம் அளிக்கவும்.' என் துப்பாக்கி பன்னிரண்டு யுத்தங்கள் கண்டதாகத் தங்கள் அலுவலகத்தில் யாரோ நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை நுழையும் அளவுக்கு வாயுள்ள குழல், அவ்வளவுதான். அது கண்ட போர் ஒன்றே ஒன்று, காட்டுப்பன்றியோடு. அதிலும் தோற்றது.

இரண்டாவது கேள்விதான் என்னைப் படுத்துகிறது. 'மேற்படி படைக்கலன் மனுதாரருக்கு எதற்குத் தேவை?'

தாத்தா 1961-ல் உரிமம் வாங்கினார். முயல், கவுதாரி என்று பத்துப் பதினோரு வருஷம் ஓடியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டையை விட்டார். சட்டத்துக்கு மரியாதையா, முழங்கால் வலியா என்பது வீட்டில் இன்னும் தீராத வழக்கு. அதற்கப்புறம் கடலைக் காட்டில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. வானத்துக்கு இதுவரை சேதமில்லை.

இப்போது அதற்கும் வழியில்லை. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று 2025-ல் அரசு வகுத்திருக்கிறது. எங்கள் நிலம் ஒன்றே கால் கிலோமீட்டரில் இருக்கிறது. பன்றிகள் இந்த ஆணையை எங்களுக்கு முன்னாலேயே படித்துவிட்டன என்பது அவை இறங்கும் அழகிலேயே தெரிகிறது.

ஆகவே வேட்டைக்குத் தேவையில்லை. பயிருக்குப் பயனில்லை. தற்காப்புக்கு என்று எழுதலாம்தான். ஆனால் திருடன் வந்தால் பீரோவைத் திறந்து, குழலை மடக்கி, தோட்டாவைத் தேடிப் போடுவதற்குள் அவன் காப்பி போட்டுக் குடித்துவிட்டே போய்விடுவான்.

உண்மையில் இந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டில் இருந்ததைவிடக் காவல் நிலையத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறது. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் அல்லவா? மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என எதையும் அது தவறவிட்டதில்லை. 1998-லும் 1999-லும் அடுத்தடுத்து மக்களவைத் தேர்தல் வந்தபோது, 'இதுக்கு ஸ்டேஷன்லயே ரேஷன் கார்டு போட்டுரலாம்' என்றார் தாத்தா. ஓட்டுப் போடாமலேயே இத்தனை தேர்தல் பார்த்த குடிமகன் வேறு உண்டா?

ஒவ்வொரு முறையும் சாக்குப்பையில் சுற்றி, அட்டையில் எண் எழுதிக் கட்டி, ரசீது வாங்கி வருவார். திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, பழைய வேட்டியைக் கிழித்து, கம்பியில் சுற்றி, தையல் மெஷின் எண்ணெயில் நனைத்துக் குழலுக்குள் விடுவார். துணி கறுப்பாக வரும், மறுபடி விடுவார். வெள்ளையாக வரும்வரை யாரும் அவரோடு பேசக்கூடாது. பிறகு குழலை என் கண்ணருகே நீட்டி, 'நிலா தெரியுதாடா?' என்பார். மறுமுனையில் வெளிச்சம் வட்டமாக நிற்கும். ஆயுத பூஜைக்கு அருவாள், மண்வெட்டியோடு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அப்பத்தாவுக்கு அது 'அந்தக் கட்டை'. தாங்கள் 'படைக்கலன்' என்கிறீர்கள். அதன் பிடி விரிசல் விட்டுச் செம்புக் கம்பி சுற்றியிருப்பதைப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு அப்பத்தாவுக்கே.

தாத்தா 2023-ல், 91 வயதில் போனார். உரிமம் பெற்றவருக்கு 70 வயது ஆனாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்தாலோ உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2016 விதிகளில் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க முடியாது. பொட்டிச் சாவியையே தராத மனிதர்.

கருமாதிக்கு முன்பே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். பிறகு தொடங்கியது வாரிசுப் படலம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை. அறுபது வருஷம் அந்தக் கட்டையை ஏறெடுத்தும் பார்க்காத பெரிய அத்தை, 'நகையைக் கேட்டப்ப இல்லேன்னீங்க, துப்பாக்கிக்கு மட்டும் கையெழுத்தா?' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஆட்சேபணையின்மை எனக்கு ஒரு பட்டுப்புடவை விலையில் கிடைத்தது. சின்ன அத்தை புடவை கேட்கவில்லை. 'பெரியவளுக்கு என்ன விலையில எடுத்தே?' என்று மட்டும் கேட்டார்.

உடல்நலமும் மனநலமும் சரி என்று மருத்துவச் சான்றும் வேண்டும். டாக்டர், 'எதுக்கு சார் துப்பாக்கி?' என்றார். 'ஒண்ணுக்கும் இல்லை' என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். 'ஒண்ணுக்கும் இல்லாததுக்கு ஒரு வருஷமா அலையுறேங்கிறீங்க. இதுக்கு நான் எந்தச் சான்று கொடுக்கிறது?' ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிக்கும் போய்வந்தேன். சுடவே போகாதவனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த பிறகே துப்பாக்கி தருவோம் என்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நீச்சல் சான்றிதழ் பார்த்துக் கிணற்றை எட்டிப் பார்க்க விடுவது மாதிரி.

குடகில் கொடவராகப் பிறந்திருந்தால் வெள்ளைக்காரன் காலத்து விலக்கு இன்றும் உண்டு; கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூப்போட்டுக் கும்பிட்டிருக்கலாம், உரிமம் கேட்டு உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். என் பாட்டன் பூட்டன் மலையின் எந்தப் பக்கம் குடியேறுவது என்பதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

போன மாதம் எழுத்தரிடம் கெஞ்சி நிலையத்தில் துப்பாக்கியைப் பார்த்தேன். வலது குழலின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. நேர்த்தியான கூடு, உள்ளே குடித்தனம் நடக்கிறது. ஆட்சேபணையின்மையும் மருத்துவச் சான்றும் இல்லாமல், தேவை என்னவென்று யாரும் கேட்காமல், அரசுப் பாதுகாப்பிலுள்ள படைக்கலனை அது அனுபவித்துவருகிறது. இடது குழலில் எட்டிப் பார்த்தேன். நிலா தெரியவில்லை, துரு.

ஆகவே தங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதிலைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளவும். தேவை: துடைப்பதற்கு. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். ஓரத்திலேயே மறுத்துவிட வேண்டாம். உரிமம் தாமதமாகும் என்றால், இணைப்பில் உள்ளவற்றை நிலையத்துக்கு அனுப்பிவைக்கக் கோருகிறேன். குளவியைக் காலி செய்யச் சொல்லவில்லை. இடது குழலுக்கு மட்டும்.

இப்படிக்கு,
வாரிசு
(சான்றிதழ் உண்டு)

இணைப்பு:
1. தையல் மெஷின் எண்ணெய், 100 மி.லி.
2. தாத்தாவின் வேட்டித் துணி, ஒரு முழம் (துவைத்தது)