திறந்தா பாடணும்லா!

ஊருக்கு ஒரு வெப்சைட் அண்ணாச்சி உண்டு. பாவூர்சத்திரத்தில் திருநெல்வேலி–தென்காசி ரோட்டோரம் அவர் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட் என்று எழுதி, பலகையில் இடம் மிச்சம் இருந்ததால் கடைசி வரியில் 'வெப்சைட்' என்றும் எழுதியிருப்பார். வயது ஐம்பதை ஒட்டி. படித்தது பி.காம். கம்ப்யூட்டர் பக்கம் வருவதற்கு முன்னால் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். இந்தக் கடைசி விவரத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், மிச்சமெல்லாம் தானாக விளங்கிவிடும்.

கோயில் கொடையோ சடங்கு வீடோ, விடியக்காலம் நாலரைக்குத் தென்னை மரத்துக் குழாய் பாடவில்லை என்றால் அந்த வீட்டில் விசேஷம் என்று நம் பக்கத்தில் யார் ஒப்புக்கொள்வார்? அந்த நியாயத்தை அண்ணாச்சி அப்படியே இணையத்துக்குக் கொண்டுபோனார். "வெப்சைட்டுன்னா திறந்தா பாடணும்லா! சும்மா எழுத்து மட்டும் இருக்கதுக்கு நோட்டீஸ் அடிச்சிட்டுப் போலாமே" என்பது அவர் சித்தாந்தம்.

காமராஜர் தினசரி சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவருக்கு சுப்ரபாதம். கல்யாண மண்டபத்துக்குக் கெட்டிமேளம். குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் விடும் லாட்ஜுக்கு அருவிச் சத்தம். மரக்கடைக்காரருக்கு மட்டும் என்ன போடுவதென்று யோசித்து, அவர் மில்லிலேயே வாள் அறுக்கும் சத்தத்தைப் பதிவு பண்ணிப் போட்டார். "நாள் பூரா இதைத்தான கேக்கேன், ராத்திரியும் கேக்கணுமா?" என்று அவர் பணம் தர மறுத்தது தனிக் கதை.

அண்ணாச்சியின் பொற்காலம் எம்பெட் என்ற குறிச்சொல்லின் காலம். ஒரே ஒரு வரி. பாட்டுக் கோப்பின் பெயர், ஆட்டோஸ்டார்ட் ட்ரூ, லூப் ட்ரூ, ஹிட்டன் ட்ரூ. தானாக ஆரம்பிக்கும், முடிந்தால் மறுபடி ஆரம்பிக்கும், பிளேயரோ கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை யார் நிறுத்த முடியும்? மைக் செட்டுக்காவது மெயினைப் பிடுங்கும் வழி இருந்தது. ஒரு பிரவுசருக்குப் புரிந்தது இன்னொன்றுக்குப் புரியாத காலம் அது என்பதால், ஆப்ஜெக்ட் என்ற இன்னொரு குறிச்சொல்லுக்குள் எம்பெட்டை வைத்து எழுதுவார். வெளியே இருப்பது விளங்காத பிரவுசர் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும். எவனும் பாடாமல் தப்பிவிடக் கூடாது.

அப்புறம் வந்தது ஃபிளாஷ். லாட்ஜ் வெப்சைட்டைத் திறந்தால் கறுப்புத் திரை. ஐந்தருவியின் ஐந்து கிளையும் ஒவ்வொன்றாக விழும். ஐந்தாவது விழுந்த பிறகு லாட்ஜ் பெயர் நீரிலிருந்து எழும்பும். மற்ற ஊர் டிசைனர்கள் மூலையில் 'ஸ்கிப் இன்ட்ரோ' என்று ஒரு பட்டன் வைப்பார்கள். அண்ணாச்சி வைக்கமாட்டார். "ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருக்கேன், ஒருத்தன் பாக்காம தாண்டிப் போறதுக்கு நானே வழி வெட்டிக் குடுக்கணுமோ?"

இப்படி இருந்தவருக்கு உலகமே எதிரியானது எப்படி என்பதுதான் விசேஷம். அண்ணாச்சியைக் கேட்டால் பிரவுசர்களின் சரித்திரம் முழுக்க அவர் ஒருவருக்கு எதிராகத் தீட்டிய சதி.

முதல் அடி அமெரிக்கக் கோர்ட்டிலிருந்து வந்தது. இணையப் பக்கத்துக்குள் இயங்கும் பொருள்களைப் பதிப்பது எங்கள் கண்டுபிடிப்பு என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அதனிடம் உரிமம் வாங்கிய இயோலாஸ் என்ற கம்பெனியும் 1998இல் கிடைத்த காப்புரிமையைத் தூக்கிக்கொண்டு மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டன. 2003இல் ஜூரி விதித்த தொகை சுமார் 52 கோடி டாலர். வழக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் 2006இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மாற்றியது. பக்கத்தில் பதித்த எதையும் ஆள் ஒரு தடவை கிளிக் செய்து உசுப்பினால்தான் அது கை அசைவுக்குக் கட்டுப்படும். அருவி விழும், ஆனால் அதற்குக் கீழே இருக்கும் 'ரூம் புக்கிங்' பட்டனை முதல் தடவை அமுக்கினால் ஒன்றும் நடக்காது, இரண்டாவது தடவைதான் திறக்கும். "எவனோ எங்கயோ கேஸ் போட்டுக்கிட்டான்னு எம் பட்டனை ரெண்டு மட்டம் அமுக்கணுமாம். இது எந்த ஊரு நியாயம்வே?"

அதற்கும் ஒரு சந்து இருந்தது. பொருளை நேராகப் பக்கத்தில் எழுதாமல், வெளியே தனிக் கோப்பில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு எழுத வைத்தால் இந்தக் கிளிக் கேட்கப்படாது. உலகமே அந்தச் சந்து வழியாகத்தான் போனது. அண்ணாச்சி ஜாவாஸ்கிரிப்ட் படித்தது இப்படித்தான். காப்புரிமைச் சண்டை ஒருவரைப் புரோகிராமர் ஆக்கிய கதை வேறு எங்காவது உண்டா தெரியாது. 2012இல் டெக்சாஸின் டைலர் என்ற ஊரில் டிம் பெர்னர்ஸ்-லீயே சாட்சி சொல்லி, அந்தக் காப்புரிமை செல்லாது என்று ஜூரி தீர்ப்புக் கொடுத்தது. வலையைக் கண்டுபிடித்த மனுஷன் தனக்காகத்தான் கூண்டில் ஏறினார் என்று அண்ணாச்சி இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெர்னர்ஸ்-லீயின் படம் கடையில் சரஸ்வதி பூஜையன்று வைக்கப்படும்.

ஃபிளாஷ் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஐஃபோனில் அதற்கு இடமில்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31 உடன் அடோபி கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஓடவே விடவில்லை. அந்த வருஷம் கொரோனாவால் அருவியில் குளிக்கத் தடை. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது, ஆள் இல்லை. லாட்ஜ் வெப்சைட்டில் தண்ணீரும் இல்லை.

ஆனால் அண்ணாச்சியை உள்ளபடியே நோகடித்தது குரோம்தான். 2018 ஏப்ரலில் வந்த 66ஆம் பதிப்பு, ஆள் தொடாமல் எந்தப் பக்கமும் சத்தமாகப் பாடக் கூடாது என்று சட்டம் போட்டது. ஊமையாக ஓடும் வீடியோவுக்குத் தடையில்லை. அண்ணாச்சி போட்ட பாட்டெல்லாம் அன்றோடு அடங்கின. அடங்கியது அவருக்குத்தான் தெரியவில்லை. ஏனென்றால் அவர் கம்ப்யூட்டரில் மட்டும் அவை கணீரென்று பாடிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் போன் பண்ணி, "பாட்டு வரலியே" என்றால், "எனக்குப் பாடுதுல்லா, ஓங்க ஸ்பீக்கரப் பாருங்க" என்பார். நாலைந்து பேர் புது ஸ்பீக்கரே வாங்கிவிட்டார்கள்.

மத்தளம்பாறை ஜோஹோ ஆபீசுக்குப் போகும் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முடிச்சை அவிழ்த்தான். குரோம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எந்தத் தளத்தில் நீங்கள் ஏழு விநாடிக்கு மேல் சத்தத்தோடு பாட்டோ படமோ அடிக்கடி ஓட விடுகிறீர்களோ, அந்தத் தளத்துக்கு உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் தானாகப் பாடச் சலுகை கொடுக்கும். "மாமா, ஒங்க சைட்ட ஒங்களை மாதிரி ரசிச்சுக் கேட்டவங்க வேற யாரும் இல்ல. அதான் ஒங்களுக்கு மட்டும் பாடுது." அன்றைக்கு அண்ணாச்சி மத்தியானச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் துக்கம். அப்புறம் யூடியூப் வீடியோவை ஐஃப்ரேமில் பதித்து ஜாவாஸ்கிரிப்டில் ஆட்டுவிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த பிளேயர் தன் நிலைமையை நம்பரில் சொல்லும். அண்ணாச்சி அதை வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்: "ஓடுனா ஒண்ணு, நின்னா ரெண்டு, தெணறுனா மூணு, முடிஞ்சா முட்டை." முட்டை அவருக்கு ரொம்ப முக்கியம். மண்டபத்தின் வீடியோ முடிந்ததும் யூடியூப் பக்கத்து ஊர் மண்டபத்தின் வீடியோவைக் காட்டி, அங்கே ஏசி ஹால் என்றும் தெரிவித்துவிட்டது. இப்போது முட்டை வந்த நொடியே மறுபடி முதலிலிருந்து ஓடும்படி எழுதிவிட்டார். மண்டபத்துக்காரருக்குப் பரம திருப்தி. பார்க்கிறவர்களைப் பற்றிப் பேச்சில்லை.

சத்தத்துக்கும் வழி பிறந்தது. ஆள் தொட்டால்தானே பாடக் கூடாது என்ற தடை நீங்குகிறது? ஒரு பட்டனை மட்டும் ஏன் தொட வேண்டும்? பக்கம் முழுவதையும் பட்டனாக்கினார். எங்கே விரல் வைத்தாலும், எதற்கு வைத்தாலும், முதல் தொடுகையில் கெட்டிமேளம்.

போன மாசம் கீழப்பாவூர் பக்கம் ஒரு துட்டி வீடு. வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி, தலைகுனிந்த பெரியவர்கள். அடுத்த மாசம் மகள் கல்யாணத்தை வைத்திருந்த ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக மண்டபத்தைப் பற்றி விசாரிக்க, அவர் போனில் வெப்சைட்டைத் திறந்து நீட்டினார். அமைதியாகத்தான் திறந்தது. இவர் 'வாடகை விவரம்' என்ற இடத்தில் விரல் வைத்தார்.

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து பந்தலைத் தூக்கின. போனை மடியில் அமுக்கினார், பாடியது. துண்டில் சுற்றினார், பாடியது. பதற்றத்தில் எங்கெங்கோ தொட, வாடகை, சமையல் பாத்திரம், பார்க்கிங் வசதி எல்லாம் திறந்தன, மேளம் நிற்கவில்லை. சங்கு ஊதுகிறவர் தன் சங்கை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மண்டபத்துக்காரர் கடை வாசலில் நின்றார். "வே, நிப்பாட்ட ஒரு பட்டன் வைக்க மாட்டீரா?"

"வைக்கலாம் அண்ணாச்சி. அது தனி வேலை. ஐநூறு ஆகும்."

கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பட்டன் வந்துவிட்டது. அமுக்கினால் மேளம் உடனே நிற்கிறது. நின்றதும் கோயில் மணி மூன்று தரம் அடிக்கிறது.

"அது எதுக்குவே?"

"நின்னுட்டுன்னு தெரியணும்லா!"