சீல் குத்திய காதல்

அமெரிக்காவில் 1954-இல் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். யாரிடமிருந்து? ரத்தக் காட்டேரிகளிடமிருந்து!

காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் புத்தகம் போட்டார். செனட் துணைக்குழு கூடி விசாரித்தது. மிரண்டுபோன பதிப்பாளர்கள், அரசாங்கம் கத்தரி எடுப்பதற்குள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். பிறந்தது காமிக்ஸ் ஒழுக்க விதி. காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, நடமாடும் பிணம் கூடாது. காதல் கதைகளுக்குத் தனி உத்தரவு: திருமணத்தின் புனிதம் ஓங்க வேண்டும், விவாகரத்தை விரும்பத்தக்கதாகக் காட்டவே கூடாது.

ஆக, பேய்கள் எல்லாம் வெளியே. கைநீட்டும் புருஷனை விட்டுக் கிளம்புகிறவளும் வெளியே. ‘கல்லானாலும் கணவன்’ என்று நம் பாட்டிகள் வாயால் சொன்னார்கள். அமெரிக்கப் பதிப்பாளர்களோ நியூயார்க் மாஜிஸ்திரேட் ஒருவரை உட்காரவைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்து முத்திரை குத்தினார்கள்.

பலாத்காரத்தைச் சாடையாகக்கூடக் காட்டக் கூடாதாம். ரொம்பச் சரி. அன்றைய சட்டப்படி கட்டிய மனைவியிடம் செய்தால் அது பலாத்காரமே இல்லையே! ஐம்பது மாநிலங்களும் அதை ஏதோ ஒரு வடிவில் குற்றமென்று ஒப்புக்கொள்ள 1993 ஆகிவிட்டது. படத்துக்கு வந்த ரோஷம் படுக்கையறைக்கு வர 39 வருஷம்.

இப்போது கொரிய இணையக் காமிக்ஸான வெப்டூன்களின் முறை. 2016-இல் வெளிவரத் தொடங்கிய கூகியின் ‘கில்லிங் ஸ்டாக்கிங்’கில் ஒருவன் இன்னொருவனின் காலை உடைக்கிறான், உடைந்த கால் உடைந்த காலாகவே வரையப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து ‘என்ன ஜோடிப் பொருத்தம்!’ என்று உருகும் ரசிகர்கள் ஒருபக்கம். ‘தடைசெய்’ என்று குதிக்கும் கலாச்சாரக் காவலர்கள் மறுபக்கம். இந்த ரகளையில் அடுத்த கடையின் சர்க்கரைக் காதல் வெப்டூன்களை யாரும் கவனிப்பதில்லை. அங்கே நாயகன் நாயகியின் மணிக்கட்டை முறுக்கிச் சுவரோடு சாய்க்கிறான், போனைப் பிடுங்குகிறான், ‘எவன்கூடப் பேசினே?’ என்கிறான். பின்னணியில் ரோஜா இதழ்கள் பறக்கின்றன. அவள் கன்னம் சிவக்கிறது. வெட்கமாம்!

காவலர்களே, கொடுமையைக் கொடுமையென்று வரைந்தவரை விடுங்கள். அதற்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, சுபம் எழுதுகிறவர்களின் சட்டையைப் பிடியுங்கள்.